இடைவெளி இல்லாத எழுத்து



மிகப் பெரிய எழுத்துத் தொடர் ஒன்றைச் சிறிய இடத்துக்குள் அடக்கி வைத்து, அடக்கிய நிலையிலேயே அதற்குள் தேடுவது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கணினி அறிவியலில் இதற்கென்று ஒரு தனித் துறையே இருக்கிறது. அந்தத் துறையைத் தாங்கி நிற்கும் கேள்விகள் இரண்டு. அந்த இரண்டையும் நான் முதலில் கேட்டது எந்தக் கல்லூரியிலும் இல்லை, இந்த மலையில்தான்.

என் அம்மா கம்பத்திலிருந்து இந்தக் கம்பம்மெட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்க வந்தவர். பள்ளி விடுமுறையில் நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருவேன். சம்பள நாளில் கணக்குப்பிள்ளையின் மேசைமேல் செக்ரோல் விரித்திருக்கும். நீளமான நோட்டு. ஆள் ஒருவருக்கு ஒரு வரி, பக்கத்துக்குப் பதினைந்து நாள். வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி. கோடு ஒன்று விழுந்தால் ஒரு ‘பேர்’ என்பார்கள். அம்மா கேட்பார்: “நோம்பு சாட்டுன அன்னிக்கு வரைக்கும் எனக்கு எத்தனை பேருங்க?” இன்னொரு நாள் வேறு மாதிரி கேட்பார்: “என்னோட நூறாவது பேரு எந்தத் தேதியில விழுந்துச்சு?” கணக்குப்பிள்ளை ஆரம்பத்திலிருந்து எண்ணமாட்டார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் அதுவரை சேர்ந்த தொகையைக் குறித்து வைத்திருப்பார். அந்தப் பக்கத்துக்குப் போய், சிவப்பு எண்ணைப் பார்த்து, மிச்சம் நாலைந்து கோடுகளை மட்டும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

குறிப்பிட்ட இடம் வரை எத்தனை கோடு? இத்தனையாவது கோடு எந்த இடத்தில்? முதல் கேள்விக்குக் கணினிக்காரர்கள் ‘ரேங்க்’ என்றும் இரண்டாவதற்கு ‘செலக்ட்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்த ஒரு நோட்டு கையில் இருந்தால் போதும். ஒரு நூலை, ஒரு நூலகத்தை, ஓர் உயிரின் முழு மரபணுவை அதைக்கொண்டே தேடிவிடலாம். எப்படி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பழைய நூல்களைப் பதிப்பித்தவர்களுக்குத் தேடுவதன் அருமை தெரியும். உ.வே.சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894-இல் வந்தது. அவருடைய பதிப்புகளின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். பாட்டு முதற்குறிப்பு இருக்கும், அரும்பதங்களுக்கு அகராதி இருக்கும். அடுத்து வந்தவர்கள் ஒருபடி மேலே போய் ஒவ்வொரு சொல்லுக்கும் அடைவு செய்தார்கள். ந. சுப்பிரமணியன் தொகுத்த பல்லவர் காலத்துக்கு முந்தைய தமிழ் இலக்கிய அடைவைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1966-இல் வெளியிட்டது. புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ்ச் சொல்லடைவைக் கொண்டுவந்தது. தாமஸ் லேமானும் தாமஸ் மால்டனும் கணினியின் துணையோடு சங்க இலக்கியத்துக்கு ஒரு சொல்லடைவு தந்தார்கள். மதுரையைச் சேர்ந்த முனைவர் ப. பாண்டியராஜாவின் தொடரடைவு இன்று இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன், நன்றியோடு.

ஆனாலும் சொல்லடைவு செய்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. வேலையைத் தொடங்கும் முன்பே எது ஒரு சொல் என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். எழுத்துகள் ஒரே ஓட்டமாக ஓடும். அதில் எங்கே வெட்டுவது என்பதில் உரையாசிரியர்களே ஒருவரோடு ஒருவர் உடன்படவில்லை. வெட்டியபின் அடைவு செய்தால், அந்த வெட்டு சரியா என்று அந்த அடைவைக்கொண்டே சோதிக்க முடியாது. எனவே தமிழுக்கு வேண்டிய தேடல், சொல் எது என்று முன்கூட்டிக் கேட்காத தேடல். எழுத்தோட்டத்தின் எந்த இடத்தில் தொடங்கும் எந்தத் துண்டையும் அது கண்டுபிடித்துத் தர வேண்டும்.

மரபணுவைப் படிப்பவர்களுக்கும் இதே நிலைதான். நாலே எழுத்து, இடைவெளி இல்லாமல் கோடிக்கணக்கில் ஓடும். இந்த மலையில் ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறதே, அந்த மிளகின் மரபணுத்தொடர் 2019-இல் வெளியானது. 26 குரோமோசோம்களில் ஏறத்தாழ 76 கோடி எழுத்து. சுவடியும் மிளகும் கணினிக்கு ஒரே இனம். அதனால் ஒன்றுக்காகக் கண்டுபிடித்த தேடல் மற்றதற்கும் அப்படியே பொருந்துகிறது.

அந்தத் தேடலின் மூலக் கருத்து எளிது. ‘கம்பம்மெட்டு’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கிக் கடைசி வரை போகும் வால்களை எடுங்கள்: கம்பம்மெட்டு, ம்பம்மெட்டு, பம்மெட்டு, ம்மெட்டு, மெட்டு, ட்டு, டு. இவற்றை அகர வரிசையில் அடுக்கினால், எந்தத் துண்டைத் தேடினாலும் அது ஏதோ ஒரு வாலின் தலையாக இருக்கும். அகராதி புரட்டுவதுபோல நடுப்பக்கத்தைத் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்துப் போய்விடலாம். பீட்டர் வெய்னர் 1973-இல் இந்த வால்களையெல்லாம் ஒரு மரமாகக் கட்டினார். மேன்பரும் மையர்ஸும் 1990-இல் மரத்தை விட்டுவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: எந்த வால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்களின் பட்டியல்.

அங்கேதான் செலவு வந்தது. மிளகின் எழுத்து ஒன்றுக்கு இரண்டு பிட் போதும், மொத்தம் 190 எம்பி அளவில் அடங்கிவிடும். ஆனால் 76 கோடி இடங்களில் ஓர் இடத்தைச் சுட்ட 30 பிட் வேண்டும். வசதிக்காக 32 என்று வைத்தால் பட்டியல் மட்டும் 3 ஜிபி. நூலைவிடப் பதினாறு மடங்கு பெரிய அடைவு. மரமாகக் கட்டினால் இன்னும் பல மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இந்தச் சுமைகூலியைக் குறைத்த கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அது நம் ஊர்களில் பேசப்படுவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, 1962-இல் தொடங்கியது. அங்கே வெங்கடேஷ் ராமன் என்ற அறிஞர் பணியாற்றினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இயன் மன்ரோவிடம் ஆய்வு செய்து திரும்பியவர். இவரும் மன்ரோவும் 1997-இல் ஒரு மரத்தின் வடிவத்தை வெறும் அடைப்புக்குறிகளாக எழுதி, அதற்குள்ளேயே தாய்க்கணு எது, பிள்ளை எது என்று உடனடியாகச் சொல்ல வழி கண்டார்கள். கிளையில் ஏறும்போது ஒரு குறி, இறங்கும்போது ஒரு குறி. கணு ஒன்றுக்கு இரண்டே பிட், அதற்குமேல் கொஞ்சம் சில்லறை. அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய கணினி அறிவியல் மாநாட்டில் மன்ரோ, ராமன், அவருடைய மாணவர் சீனிவாச ராவ் மூவரும் இதை வைத்து வால்மரத்தையே சுருக்கிக் காட்டினார்கள். எஸ். முத்துகிருஷ்ணன் என்ற ஆய்வாளர் எழுப்பியிருந்த ஒரு கேள்விக்கு அதில் விடை இருந்தது. இடங்களின் பட்டியல் ஒன்று, அதன்மேல் எழுத்துக்குச் சில பிட். அவ்வளவில் மரம் முழுவதும் அடங்கியது.

2002-இல் வந்த ஒரு சுருக்கும் முறைதான் இன்று உலகமெங்கும் ஓடிக்கொண்டிருப்பது. ராஜீவ் ராமன், வெங்கடேஷ் ராமன், சீனிவாச ராவ். மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அதை ஆர்ஆர்ஆர் என்றே அழைக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்பதை அம்மாவின் செக்ரோலிலேயே காட்டிவிடலாம்.

ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நாள். கோடும் சுழியுமாக அதை 32,768 விதத்தில் நிரப்பலாம், ஆகவே பதினைந்து பிட். ஆனால் ஒருவர் பதினைந்து நாளும் வந்திருந்தால்? “பதினைந்து” என்று எழுதினால் போதும், வேறு விவரமே வேண்டாம். ஒரே ஒரு நாள் வரவில்லை என்றால் “பதினான்கு” என்று எழுதி, விடுபட்டது எந்த நாள் என்று மட்டும் குறித்தால் போதும். பதினைந்து வாய்ப்பு, நாலு பிட். இரண்டு நாள் என்றால் 105 வாய்ப்பு, ஏழு பிட். மொத்த வரவுக்கு நாலு பிட், அந்த வரவுக்குள் எந்த வடிவம் என்பதற்கு இன்னும் சில பிட். பாதி நாள் வந்து பாதி நாள் வராத பக்கத்தில்தான் லாபம் இல்லை. அங்கே 6,435 வடிவம் உண்டு, பதின்மூன்று பிட் ஆகிவிடும், கூடவே நாலு. ஆனால் ஒழுங்கு இருக்கும் இடமெல்லாம் நோட்டு சுருங்குகிறது. இதோடு ஓரத்துச் சிவப்பு எண்களையும் வைத்துக்கொண்டால், சுருக்கியதை விரிக்காமலே இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும். நோட்டு எவ்வளவு தடிமனானாலும் பதில் சொல்லும் நேரம் கூடாது என்று அவர்கள் நிறுவினார்கள். இடமோ, தகவலின் அளவு எவ்வளவோ அவ்வளவுக்கு மிக அருகில். இனி இதைவிடப் பெரிதாகக் குறைக்க இடமில்லை என்ற எல்லை வரை போய்த் தொட்டவர்கள் நம் மனிதர்கள். என்னைப் பொறுத்தவரை, அளவாக எடுத்துக் குறைவின்றிச் செய்கிற ஒரு வீட்டு நிர்வாகத்தின் அழகு அதில் இருக்கிறது.

சரி, கோடும் சுழியும் தேடலுக்கு எப்படி உதவும்? இதற்கு இன்னொரு திருப்பம் வேண்டும். 1994-இல் பரோஸ், வீலர் என்ற இருவர் வெளியிட்ட ஓர் அறிக்கையில் அது இருந்தது. அதைத் தமிழில் சொல்ல நமக்குச் சொல் தயாராகவே இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டின் அந்தம் அடுத்த பாட்டின் ஆதி. ஏடுகள் கட்டவிழ்ந்து சிதறினாலும் அந்தாதி நூலை மறுபடி வரிசைப்படுத்திவிடலாம்.

கரும்பலகையைப் பாருங்கள். ‘கம்பம்மெட்டு’வின் முடிவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, வால்களை அகர வரிசையில் எழுதியிருக்கிறேன். நட்சத்திரம் எல்லா எழுத்துக்கும் முந்தியது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாலுக்கும் நேரே, மூலத்தில் அதற்கு முன்னால் நின்ற எழுத்து:

* — டு
கம்பம்மெட்டு* — *
ட்டு* — மெ
டு* — ட்
பம்மெட்டு* — ம்
ம்பம்மெட்டு* — க
ம்மெட்டு* — ப
மெட்டு* — ம்

வலப்பக்க எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழே எடுங்கள்: டு, *, மெ, ட், ம், க, ப, ம். மற்றதையெல்லாம் அழித்துவிடலாம். இந்த எட்டிலிருந்து ஊரின் பெயர் திரும்பி வரும். எட்டையும் அகர வரிசையில் அடுக்கினால் இடப்பக்கத்து முதலெழுத்துகள் கிடைக்கின்றன: *, க, ட், டு, ப, ம், ம், மெ. முதல் வரியில் தொடங்குங்கள். அதன் வலப்பக்கம் டு. டுவில் தொடங்குவது நாலாம் வரி. அதன் வலப்பக்கம் ட். ட்-இல் தொடங்குவது மூன்றாம் வரி; மெ. மெ எட்டாம் வரி, ம். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனெனில் ம்-இல் தொடங்கும் வரி இரண்டு இருக்கிறது. நாம் எடுத்தது வலப்பக்கத்தில் இரண்டாவது ம், ஆகவே இடப்பக்கத்திலும் இரண்டாவது ம்-க்கே போக வேண்டும். இரண்டு பக்கத்திலும் அந்த ம்-களை வரிசைப்படுத்தியது அவற்றுக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தானே, அதனால் முறை மாறாது. ஏழாம் வரி, ப. ஐந்தாம் வரி, முதல் ம். ஆறாம் வரி, க. இரண்டாம் வரி, நட்சத்திரம். வந்த வழியைத் திருப்பிப் படித்தால் கம்பம்மெட்டு.

“இது எத்தனையாவது ம்?” என்று கேட்டோமே, அது அம்மா கேட்ட கேள்வி. ஒவ்வோர் எழுத்தையும் ஓர் ஆளாக வைத்து, வலப்பக்க வரிசையைச் செக்ரோலாகப் பாருங்கள். ம் வந்த வரியில் கோடு, வராத வரியில் சுழி. தேடுவதும் இதே நடைதான், ஆனால் பின்னாலிருந்து. ‘ம்மெ’ வேண்டுமென்றால் முதலில் மெ, எட்டாம் வரி. அதன் வலப்பக்கத்தில் இரண்டாவது ம், ஆகவே ஏழாம் வரி. கிடைத்துவிட்டது. தேடும் துண்டு எத்தனை எழுத்தோ அத்தனை அடி. நூல் எவ்வளவு பெரிது என்ற கவலை இல்லை. இத்தாலியின் ஃபெர்ராஜினாவும் மன்ஸினியும் 2000-இல் இதைக் கண்டு சொன்னார்கள். எஃப்எம் இண்டெக்ஸ் என்பது அதன் பெயர். ஒரே சூழலில் ஒரே எழுத்து வரும் பழக்கம் மொழிக்கு உண்டல்லவா, அதனால் பெரிய நூல்களில் இந்த வலப்பக்க வரிசையில் ஒரே எழுத்து கொத்துக் கொத்தாக வந்து நிற்கும். ஆர்ஆர்ஆர் சுருக்குவதற்கு ஏற்ற நிலம் அது. நூலும் அடைவும் சேர்ந்து நூலைவிடச் சிறிதாகிவிடும்.

2009-இல் போடை என்ற மென்பொருள் எஃப்எம் இண்டெக்ஸை வைத்து மனித மரபணுவின் 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்குள் தேடியது. அதற்குத் தேவைப்பட்ட நினைவகம் சுமார் 1.3 ஜிபி. சாதாரண மேசைக் கணினியிலேயே அந்த வேலை நடந்தது. பக்கத்து மைலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு பயிரின் மரபணுவைத் தேட ஒரு சாதாரண கணினி போதும் என்றால், அதற்குக் காரணம் இடத்தைச் சிக்கனம் பிடித்த இந்தக் கணக்குகள்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். மனம் விட்டுப் பேச நினைத்தது இந்தப் பகுதியைத்தான்.

யூனிகோடில் ‘கம்பம்மெட்டு’ எழுத 12 குறியீடு, வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் 36 பைட். ஆனால் இடம் மட்டும் பிரச்சினை இல்லை. ‘ஏலம்’ என்று தேடுகிறோம். நூலில் ‘மலையேலம்’ என்று இருக்கிறது. கிடைக்காது! நிலைமொழியோடு சேரும்போது யகர உடம்படுமெய் வந்து, ஏ என்பது யே ஆகிவிட்டது. கணினிக்கு ஏ ஒரு குறியீடு, யே-யில் இருக்கும் கொம்பு வேறொரு குறியீடு. சொற்பிரிப்பைக் கேட்காத தேடல் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், இங்கே வந்து அது தடுக்கி விழுகிறது.

விடை நம் இலக்கணத்தில் இருக்கிறது. உயிர்மெய் தனி எழுத்து அன்று, மெய்யும் உயிரும் கூடியது. முதலெழுத்து முப்பது: உயிர் 12, மெய் 18. யே என்பதை ய் + ஏ என்று பிரித்தே சேமிப்போம். மலையேலம் இப்போது ம் அ ல் ஐ ய் ஏ ல் அ ம் ஆகிறது. அதற்குள் ஏ ல் அ ம் அப்படியே, முழுசாக இருக்கிறது. முப்பதோடு ஆய்தம் ஒன்று, 31. சொல்லிடைவெளிக்கு ஒரு குறி, 32. ஐந்து பிட்டில் குறிக்கக்கூடியது சரியாக 32 எழுத்து! ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. ‘கம்பம்மெட்டு’ இப்போது பதினொரு எழுத்து, 55 பிட், ஏழு பைட்டுக்குள் அடக்கம். இக்கால உரைநடைக்கு ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளும் முற்றுப்புள்ளி முதலியவையும் வேண்டியிருக்கும். அதற்கு ஆறாவது பிட் கொடுக்கத்தான் வேண்டும். பழைய இலக்கியத்துக்கு ஐந்து போதும்.

இன்னும் ஒன்று. பல எழுத்துள்ள வரிசையைக் கோடு சுழியாக மாற்ற குரோஸி, குப்தா, விட்டர் மூவரும் 2003-இல் வேவ்லெட் மரம் என்ற அமைப்பைத் தந்தார்கள். எழுத்துகளை இரண்டு கூட்டமாகப் பிரி. எந்தக் கூட்டம் என்பதைக் கோடு சுழியாக எழுது. ஒவ்வொரு கூட்டத்தையும் மறுபடி பிரி. எப்படிப் பிரிப்பது என்பது நம் விருப்பம். நம் பிரிவு நமக்குத் தெரிந்ததுதானே: உயிரா, மெய்யா? உயிர் என்றால் குறிலா, நெடிலா? மெய் என்றால் வல்லினமா, அல்லவா? அல்ல என்றால் மெல்லினமா, இடையினமா? நூலின் எழுத்தோட்டத்துக்கே, அதன் மூல வரிசையில், இப்படி ஒரு மரம் கட்டினால் அதன் மேல் வரிசைகளே ஒரு தனி அடைவாகிவிடும். நூலின் இந்தப் பகுதியில் எத்தனை உயிர், இந்த அடிகளில் எத்தனை வல்லினம் என்று கேட்டால் ஒரு நொடியில் பதில் வரும். ஓசை ஆராய்பவர்களுக்கும் யாப்பு ஆராய்பவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய துணை!

பாடபேதம் பார்ப்பவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டுத்தான் உ.வே.சா. பதிப்பித்தார். ஒரு சுவடிக்கும் மற்றதற்கும் சில எழுத்தே வேறுபடும். எல்லாச் சுவடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி அடைவு செய்தால் வலப்பக்க வரிசையில் ஒரே எழுத்து நீளநீளமான கொத்தாக நிற்கும். காகி, நவாரோ, ப்ரெஸ்ஸா மூவரும் 2018-இல் கொடுத்த ஆர்-இண்டெக்ஸ், கொத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஐம்பது சுவடி என்றால் ஐம்பது மடங்கு இடம் வேண்டியதில்லை. ஒரு சுவடிக்கான இடமும், வேறுபாடுகளுக்கான இடமும் போதும். அச்சில் ஏறாத பாடங்களையும் சேர்த்து ஒரே அடைவில் வைக்கலாம், எந்தச் சுவடியில் எந்த வடிவம் என்று உடனே கேட்கலாம்.

இந்த மண்டபத்தில் இப்போது என் கைப்பேசியில் சிக்னல் இல்லை. ஏலக்காட்டுக்குள் இறங்கினால் உங்களுக்கும் இருக்காது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்து வருகிறது. அவற்றில் உள்ள பழைய இலக்கியம் முழுவதையும், எழுத்துக்கு ஐந்து பிட்டாக, அடைவோடு சேர்த்து, இந்தக் கைப்பேசியின் ஒரு மூலையில் வைக்க முடியும். தூரத்துச் சர்வர் எதையும் கேட்காமல் தேட முடியும். இதற்கு வேண்டிய நிரல்கள் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. ஆர்ஆர்ஆர் உட்பட எல்லாம் அவற்றில் உண்டு. எழுத்தைப் பிரித்துச் சேமிக்கும் தமிழ்ப்பகுதியை மட்டும் நாம் எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடியும் வேலை. அந்த மூன்று பேர் இந்த ஊரிலிருந்து வந்தால் நான் மலையேறி வந்து கூட உட்காருகிறேன்.

மாணவர்களுக்காகக் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு வரிசை எழுதி வைத்திருக்கிறேன், அழிக்க வேண்டாம் என்று நூலகரிடம் சொல்லியிருக்கிறேன்: ம், ப, ப, ப், *, ட. கம்பம்மெட்டைப் பிரித்த அதே வழியில் பிரித்துப் பாருங்கள். புள்ளி எழுத்து, புள்ளி இல்லாததற்கு முன்னால் வரும். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் சத்ய விருந்தின் இலையில் அது கட்டாயம் இருக்கும், கீழே கம்பத்தில் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.